சுவாவுல ஒரே ஒரு சனிக்கிழமை குடுங்க: வேர்ல்ட் ரக்பிக்கும் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் நடத்துறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

டப்ளின்ல இருந்து உலக ரக்பிய நிர்வாகம் பண்ற வேர்ல்ட் ரக்பி கவுன்சில்காரங்களுக்கும், பன்னெண்டு நாட்டு டீமுங்க ஆடுற நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்ப சேர்ந்து நடத்துற சிக்ஸ் நேஷன்ஸ் (வடக்கு பக்கத்து ஐரோப்பிய டீமுங்களோட அமைப்பு), சான்சார் (தெற்கு பக்கத்து அமைப்பு) நிர்வாகிங்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சிக்காரன். 2016 கடைசில பசிபிக் தீவு நாடான ஃபிஜிக்கு போய் மூணு வருஷம் அதோட தலைநகர் சுவாவுல ஒரு கட்டட கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாத்தேன், போற வரைக்கும் ரக்பின்னா என்னன்னே தெரியாது, முட்டை மாதிரி ஒரு பந்த கட்டிப்புடிச்சிக்கிட்டு ஓடுவாங்கன்றது மட்டும் தான் தெரியும். திரும்பி வந்து இத்தன வருஷம் ஆகியும் ஃபிஜி மேட்ச் இருந்தா அலாரம் வெச்சு எந்திரிச்சு பாக்குறேன். அந்த உரிமைல தான் எழுதுறேன்.

விஷயம் இது தான். 2026 ஜூலைல ஃபிஜிக்கு மூணு ஹோம் மேட்ச்னு அட்டவணை போட்ருக்கீங்க. வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து. பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா இங்கிலாந்து டீம் கடைசியா சுவாவுல டெஸ்ட், அதாவது நாட்டுக்கு நாடு மோதுற மேட்ச், ஆடினது 1991ல, வேல்ஸ் 1994ல, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அந்த பக்கமே வரல, ஒரு தலைமுறையே வளந்து கல்யாணம் ஆகி புள்ள பெத்துருச்சு. அப்புறம் கிரவுண்ட் பேரு பாத்தேன். வேல்ஸோட ஆடுறது கார்டிஃப்ல. இங்கிலாந்தோட லிவர்பூல்ல. ஸ்காட்லாந்தோட எடின்பரோவுல. சுவாவுல இருந்து கிட்டத்தட்ட 16,000 கிலோமீட்டர் தள்ளி, எதிராளியோட வீட்டு வாசல்ல நின்னு ஆடுறதுக்கு பேரு ஹோம் மேட்ச்.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. இந்த போட்டியோட அமைப்புப்படி தெற்கு பக்கத்து ஆறு டீமும் வடக்கு பக்கத்து ஆறு டீமோட தலா ஒரு தடவ ஆடணும், ஜூலைல மூணு, நவம்பர்ல மூணு. நவம்பர்ல ஃபிஜிக்கு மிச்சம் இருக்கறது பிரான்ஸ், அயர்லாந்து, இத்தாலி, அது எப்படியும் ஐரோப்பாவுல தான். கடைசி வார ஃபைனல்ஸ் லண்டன் ட்விக்கன்ஹாம்ல. ஆக மொத்தம் ஏழு மேட்ச், ஏழும் ஐரோப்பா. நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, ஜப்பான் எல்லாருக்கும் ஜூலைல டீம்ங்க தேடி வருது. ஃபிஜிக்காரனுக்கு மட்டும் சொந்த மண்ணுல ஒண்ணு கூட கிடையாது. இத யாராவது ஒரு பேப்பர்ல வரிசையா எழுதி பாத்தீங்களா?

2017 ஜூன் 24, சனிக்கிழமை. நான் சுவா போய் ஏழு மாசம் கூட ஆகல. எங்க வீட்டு ஓனர் ஒரு ஆயா, எழுபது வயசு தாண்டினவங்க, பேரு சுத்த தமிழ் பேரு, ஆனா பேசுறது ஃபிஜி ஹிந்தி, தமிழ்ல முருகன் பாட்டு நாலு வரி வரும், தாத்தா, சோறு, வா, போ இப்படி சில வார்த்தை வரும், அவ்ளோ தான். அவங்க தாத்தாவ கரும்பு வெட்ட கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்களாம், கிர்மிட்னு சொல்லுவாங்க அந்த ஒப்பந்தத்த, தென்னிந்தியாவுல இருந்து 1903லேர்ந்து அப்படி ஆள் எடுத்தாங்க. வாரம் தவறாம நாந்தில இருக்கற சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில பத்தி பேசுவாங்க. அந்த ஆயா காலைல எந்திரிச்சு பூஜ முடிச்ச கையோட, மடிச்சு வெச்சிருந்த வெளிர் நீல ஃபிஜி கொடிய எடுத்து உதறி, வராண்டா கம்பில துணி கிளிப்பு போட்டு மாட்டினாங்க. மேட்ச்னா இந்த கொடி, முருகனுக்கு காவடின்னா அந்த மஞ்ச துணி, ரெண்டும் ஒரே பொட்டில தான் இருக்கும்.

ஆபீஸ்ல கூட வேல பாக்கற பையன் ஒருத்தன், அவன் கிராமத்துல இருந்து பெரியப்பா சித்தப்பா பசங்க எல்லாம் ஜன்னல் கண்ணாடியே இல்லாத பஸ்ல நாலு மணி நேரம் வந்திருந்தாங்க, எனக்கும் சேத்து டிக்கெட் வாங்கியிருந்தான். கிரவுண்ட் வாசல்ல வறுத்த பட்டாணி, கடலை பொட்டலம், வாழ எலைல சுத்தின மரவள்ளிக்கிழங்கு. உள்ள போனா பக்கத்துல ஒரு பெரியவர், சட்டையும் கீழ சுலுவும், நம்ம வேட்டி மாதிரி தான் அது, என்ன பாத்து எந்த ஊருன்னு கேட்டாரு, இந்தியான்னேன், சரி இன்னிக்கு நீ ஃபிஜின்னு கைய புடிச்சு உக்கார வெச்சாரு.

மேட்சுக்கு முன்னாடி டீம் நடுவுல நின்னு போர் ஆட்டம் ஆடினாங்க. எழுத்துல சிபின்னு இருக்கும், வாயில தீம்பின்னு சொல்லணும், நாடின்னு எழுதி நாந்தின்னு சொல்ற மாதிரி. 1939ல நியூஸிலாந்துக்கு டூர் போனப்ப, அந்த நாட்டு டீம் ஆல் பிளாக்ஸ் ஹாக்கான்னு ஒரு போர் ஆட்டம் ஆடுறாங்களே நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கணும்னு கேப்டன் ஜார்ஜ் தகொம்பாவ் ஏற்பாடு பண்ணது, அந்த டூர்ல ஒரு மேட்ச் கூட தோக்காம திரும்பி வந்தாங்க. டிவில இத நூறு தடவ பாத்திருப்பீங்க. அங்க உக்காந்து பாக்கறது வேற. முன்னாடி வரிசைல இருந்த ஆறேழு வயசு பசங்க எந்திரிச்சு வீரருங்களோட சேந்து அதே மாதிரி காலத் தட்டுறாங்க, ஒருத்தன் செருப்பு பிஞ்சு போச்சு, அத கழட்டி கைல வெச்சிக்கிட்டே தட்டினான்.

அன்னிக்கு ஃபிஜி 27, ஸ்காட்லாந்து 22.

ஸ்கோர் ஏன் சொல்றேன்னா, அந்த ஸ்காட்லாந்து டீம் லேசுப்பட்ட டீம் கிடையாது. அதுக்கு முந்துன வாரம் சிட்னில ஆஸ்திரேலியாவ 24-19ன்னு அடிச்சிட்டு வந்தவங்க, அதுக்கு முந்துன வாரம் சிங்கப்பூர்ல இத்தாலிய அடிச்சவங்க. சிங்கப்பூர், சிட்னி, சுவா. மூணு வாரம், மூணு டெஸ்ட், ஒரே டூர், வழில போற ஊருங்க. யாரும் சிரமப்பட்டதா கேள்விப்படல. 2012லயும் அதே ஸ்காட்லாந்து ஆஸ்திரேலியாவுல ஒண்ணு, ஃபிஜியோட இன்னொரு ஊரான லௌதோகாவுல ஒண்ணு, சமோவா தலைநகர் ஆப்பியாவுல ஒண்ணுன்னு ஆடி மூணுலயும் ஜெயிச்சாங்க. அவ்ளோ ஏன், 2025 ஜூலை 12 அன்னிக்கு கூட சுவாவுக்கு வந்து ஆடி 29-14ன்னு தோத்துட்டு போனாங்க. போன வாரம் வரைக்கும் வந்துட்டு இருந்த சொந்தக்காரங்க திடீர்னு வீடு தூரம்னு சொன்னா எப்படி இருக்கும்? அதே ஸ்காட்லாந்து, அதே ஃபிஜி, 2025ல சுவா, 2026ல எடின்பரோ, ரெண்டுமே ஃபிஜிக்கு ஹோம் மேட்ச்.

உங்க கஷ்டம் எனக்கு புரியாம இல்ல. 2026 ஜூலைல ஃபிஜிய தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினாவோட ஒரே குழுவுல போட்டுட்டீங்க, இங்கிலாந்து ஜோஹன்னஸ்பர்க்ல ஆடிட்டு அடுத்த சனிக்கிழமை ஃபிஜியோட ஆடிட்டு அதுக்கடுத்த சனிக்கிழமை அர்ஜென்டினாவுல நிக்கணும், அதுக்கு நடுவுல சுவாவுக்கு போயிட்டு வான்னா உடம்பு தாங்காது, அது வாஸ்தவம். ஆனா அந்த குழுவுல போட்டது யாரு? உலக வரபடத்த விரிச்சு பாருங்க, ஆக்லாந்துல இருந்து நாந்திக்கு ஃபிளைட் மூணு மணி நேரம், சிட்னில இருந்து நாலு மணி நேரம். அதே ஜூலைல பிரான்ஸும் அயர்லாந்தும் இத்தாலியும் நியூஸிலாந்து, ஆஸ்திரேலியான்னு அங்கயே தான் சுத்தப் போறாங்க. அதுல ஒரு டீமாவது போற வழில ஃபிஜில இறங்குற மாதிரி பண்ணியிருக்க முடியாதா? இப்ப நியூஸிலாந்து, ஆஸ்திரேலியாவோட இருக்கற ஜப்பான அப்புறம் எங்க வைக்கிறதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி தான், அதுக்கு பதில் கண்டுபிடிக்க உங்ககிட்ட ஆளுங்க இருக்காங்க. மூணு மேட்ச்சும் பசிபிக்லயே நடக்கணும்னு நான் கேக்கவே இல்ல.

அடுத்து பணம். இத மறைச்சு பேசுறதுல அர்த்தம் இல்ல. சுவா ஸ்டேடியத்துல ஏறத்தாழ 15,000 பேர் உக்காரலாம். கார்டிஃப் சிட்டி ஸ்டேடியத்துல 33,000 பேர், லிவர்பூல்ல எவர்ட்டனோட புது ஸ்டேடியத்துல 52,000க்கு மேல, எடின்பரோ மரேஃபீல்டுல 67,000. டிக்கெட் விலையும் அங்க வேற இங்க வேற, சுவாவுல ஒரு குடும்பம் அஞ்சு பேரு வந்து பாக்கற காசுக்கு லண்டன்ல ஒருத்தர் வாசல தாண்ட முடியாது. ஒன்பது லட்சம் சொச்சம் ஜனங்க இருக்கற நாடு, அங்க ரக்பிய நடத்துற யூனியன் கைல காசு இல்ல, அங்க போய் ஆடினா வருமானம் வரும்னா ஒத்துக்க தான் செய்வாங்க. ஃபிஜி யூனியன் கையெழுத்து போட்டுச்சேன்னு நீங்க சொல்லலாம். நான் அக்கவுண்ட்ஸ் பாத்தவன், எனக்கு தெரியும், சம்பள தேதி நெருங்குறப்ப கைல காசு இல்லாதவன் போடுற கையெழுத்து எப்படிப்பட்டதுன்னு.

அவங்க கைல ஏன் காசு இல்லன்னு யோசிச்சீங்கன்னா அதுவும் இந்த டூர் விவகாரத்துல தான் வந்து நிக்கும். காலங்காலமா என்ன வழக்கம், மேட்ச் எந்த ஊர்ல நடக்குதோ அந்த ஊர் யூனியனுக்கு கேட் பணம், அதாவது டிக்கெட் வசூல். கேக்க நியாயமா தான் இருக்கு, நீ என் வீட்டுக்கு வா நான் வசூல் பண்ணிக்கிறேன், நான் உன் வீட்டுக்கு வரேன் நீ வசூல் பண்ணிக்கோ. ஆனா ஒருத்தர் மட்டும் போயிட்டே இருந்து இன்னொருத்தர் வரவே இல்லன்னா? இங்கிலாந்து 1991க்கு அப்புறம் ஃபிஜிக்கு போகல, ஃபிஜி எத்தன தடவ ட்விக்கன்ஹாமுக்கு போயிருக்கு, 82,000 பேர் உக்கார்ற இடம் அது. 2023 ஆகஸ்ட்ல அங்கயே போய் 30-22ன்னு இங்கிலாந்த தோக்கடிச்சாங்க, சரித்திரத்துலயே முதல் தடவ. மொய் வெக்கிறவன் வெச்சிக்கிட்டே இருக்கான், அவன் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க, எங்க ஊர்ல இதுக்கு பஞ்சாயத்தே கூட்டுவாங்க.

பக்கத்துல சமோவா கதை இன்னும் மோசம். 2017 நவம்பர்ல அவங்க ட்விக்கன்ஹாம்ல ஆடினப்ப இங்கிலாந்து வீரருக்கு அந்த ஒரு மேட்ச்சுக்கு 22,000 பவுண்ட், சமோவா வீரருக்கு 650 பவுண்ட்னு பேப்பர்ல வந்துச்சு. ரெண்டு பேரும் அதே எண்பது நிமிஷம், அதே எலும்பு. ஆல் பிளாக்ஸ் டீம்ல எத்தன சமோவா ரத்தம் ஓடியிருக்கு, ஆனா அந்த டீம் ஆப்பியாவுல முதல் டெஸ்ட் ஆடினது 2015 ஜூலை 8 அன்னிக்கு தான். வெறும் நாலு மணி நேர ஃபிளைட்டு அது. 2017ல டோங்கா தன்னோட ஹோம் மேட்ச்ச வேல்ஸோட ஆக்லாந்துல ஆடுச்சு, அவங்க ஊர் ஸ்டேடியம் ரெடியா இல்லன்னு. ஆக்லாந்துலயாவது டோங்கா ஜனங்க, சமோவா ஜனங்க ஏராளமா இருக்காங்க, கிரவுண்டே செவப்பா நீலமா மாறிடும், அத நான் தப்பு சொல்ல மாட்டேன்.

பிரிட்டன்லயும் ஃபிஜிக்காரங்க இருக்காங்களேன்னா, இருக்காங்க, பிரிட்டிஷ் ராணுவத்துல நிறைய பேரு இருக்காங்க, அந்த குடும்பங்களுக்கு கார்டிஃப்லயும் லிவர்பூல்லயும் மேட்ச் கிடைக்கிறது பெரிய சந்தோஷம். அத பறிக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. ஆனா அவங்களுக்கு தான் நவம்பர் இருக்கே. கிராமத்துல இருக்கற அந்த செருப்பு பிஞ்ச பையனுக்கு என்ன இருக்கு? பிரிட்டன்ல மதியம் மூணு மணிக்கு மேட்ச்னா சுவாவுல நடு ராத்திரி ரெண்டு மணி. தன்னோட நாட்டோட ஹோம் மேட்ச்ச பாக்க அவன் ராத்திரி ரெண்டு மணிக்கு, டிவி இருக்கற வீடா தேடி போகணும்.

ஃபிஜியோட முதல் டெஸ்ட் எப்படி நடந்துச்சுன்னு உங்க ஆபீஸ்ல ரெக்கார்டு இருக்கும். 1924 ஆகஸ்ட் 18, டோங்காவுக்கு டூர் போற வழில ஆப்பியாவுல இறங்கி சமோவாவோட ஆடினாங்க. காலைல ஏழு மணிக்கு மேட்ச், ஏன்னா ஆட்டம் முடிஞ்சு சமோவாக்காரங்க வேலைக்கு போகணும். கிரவுண்டோட நடுக்கோட்டுல ஒரு பெரிய மரம் நின்னுச்சு, அத சுத்தி தான் ஆடினாங்க, ஃபிஜி 6-0ன்னு ஜெயிச்சுது. நூறு வருஷம் முன்னாடி, காசு இல்ல, கிரவுண்டு இல்ல, ஃபிளைட்டு இல்ல, கப்பல்ல போய் ஒருத்தர் ஊர்ல ஒருத்தர் ஆடினாங்க. ஜனங்க பாக்கணும்னு ஆடினாங்க.

வசதி பத்தாதுன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. ஃபிஜியன் ட்ருவான்ற உள்ளூர் டீம் 2022ல, நியூஸிலாந்து ஆஸ்திரேலியா டீம்ங்க ஆடுற சூப்பர் ரக்பி போட்டிக்குள்ள வந்ததுல இருந்து சுவாவுலயும் லௌதோகாவுலயும் வருஷா வருஷம் மேட்ச் நடக்குது, அந்த டீம்ங்க வந்து தங்கி ஆடிட்டு போறாங்க, கேமரா, லைவ், ஹோட்டல் எல்லாம் ஓடுது. 2023 மார்ச்ல லௌதோகா சர்ச்சில் பார்க்ல கடைசி நிமிஷ பெனால்டில நியூஸிலாந்து டீம் க்ரூசேடர்ஸ 25-24ன்னு அடிச்சாங்களே, அந்த வெயில்ல அந்த கூட்டத்த டிவில பாத்தவங்க யாராவது இந்த ஊர்ல பெரிய மேட்ச் நடத்த முடியாதுன்னு சொல்லுவாங்களா? அந்த ட்ருவா பசங்க தான் அதே வருஷம் உலகக் கோப்பைல ஃபிஜி டீமோட முதுகெலும்பு, பிரான்ஸ்ல சாந்தேத்தியேன் ஊர்ல ஆஸ்திரேலியாவ 22-15ன்னு தோக்கடிச்சு கால் இறுதி வரைக்கும் போனாங்க. 1954க்கு அப்புறம் ஆஸ்திரேலியாவ ஜெயிச்சது அப்ப தான். ட்ருவாவ உருவாக்க காசு போட்டதுல வேர்ல்ட் ரக்பிக்கும் பங்கு இருக்கு, அதுக்கு மனசார நன்றி. 2022ல இருந்து, வேற நாட்டுக்கு ஆடினவங்க மூணு வருஷம் காத்திருந்து பொறந்த நாட்டுக்கோ அப்பா அம்மா நாட்டுக்கோ திரும்பி ஆடலாம்னு விதிய மாத்துனீங்க, அதுவும் பெரிய நல்லது. சொந்த ஊர்ல வளத்து விட்டா என்ன நடக்கும்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. அந்த பிள்ளைங்கள சொந்த ஊர் ஜனங்க கண்ணால பாக்கறதுக்கு மட்டும் ஏன் வழி இல்ல?

வீரருங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும். பாதி பேரு பிரான்ஸ்ல, இங்கிலாந்துல கிளப்புக்கு ஆடுறாங்க. ஜூன் கடைசில சீசன் முடியும், ஜூலை தான் அவங்க வீட்டுக்கு போற மாசம். சுவாவுல டெஸ்ட் இருந்தா ஒரு வாரம் முன்னாடியே கிராமத்துல பாய் விரிச்சு யங்கோனான்ற வேர்ப் பானத்த கலக்கி உக்காந்துடுவாங்க, கொட்டாங்குச்சில வாங்கி ஒரு மடக்குல குடிச்சு கை தட்டுறது, பையன் வந்து சேரும்போது விடிஞ்சிருக்கும். என் ஆபீஸ் பையனோட மாமா மகன் ஒருத்தன் அப்படி வெளிநாட்டு கிளப்ல ஆடிட்டு இருந்தான், பெரிய லீக் எல்லாம் இல்ல, அவன் அம்மா அவன் ஆடி நேர்ல பாத்ததே ஸ்கூல் டைம்ல தான். என்கிட்ட அவன் போன்ல ஒரு போட்டோ காமிச்சான், அந்த அம்மா டிவி முன்னாடி உக்காந்து, ஸ்கிரீன்ல ஓடுற மகன் மேல கை வெச்சிருக்காங்க.

ஃபிஜி அரசாங்கம் 2016 ரியோ ஒலிம்பிக்ல செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஆடுற ரக்பில, ஜெயிச்ச தங்கத்துக்காக ஏழு டாலர் நோட்டு அடிச்ச நாடுங்க. பொருளாதாரத்துல ஏழு டாலர் நோட்டுக்கு என்ன தேவை, ஒரு தேவையும் இல்ல, சந்தோஷத்துல அடிச்சாங்க. கடைல மிச்சம் குடுத்தப்ப வந்த ஒண்ண இன்னும் பர்ஸ்ல வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி அந்த தீவு பட்டதெல்லாம் உங்களுக்கு தெரியும், 1987லயும் 2000லயும் ஆட்சி கவிழ்ப்பு, அப்ப ஊர விட்டு போன நம்ம இந்திய வம்சாவளி குடும்பங்க எத்தனையோ. எங்க ஆயாவோட மூத்த மகன் குடும்பம் அப்படி தான் ஆஸ்திரேலியாவுக்கு போயிடுச்சு. ஆயா போகல. அந்த ஆயாவும், அந்த சுலு கட்டின பெரியவரும் ஒரே கத்து கத்துறது, கோ ஃபிஜி கோன்னு கத்துறது, மேட்ச் அன்னிக்கு தான். மத்த நாள்ல அவங்க அவங்க வேலி அவங்க அவங்களுக்கு. இத நான் பெருசா தத்துவமா சொல்லல, தெருவுல பாத்தத சொல்றேன், அன்னிக்கு சாயங்காலம் எதிர் வீட்டுக்காரங்க ஒரு தட்டு நிறைய மீன் குடுத்து விட்டாங்க, ஆயா வெள்ளிக்கிழமை செவ்வாக்கிழமை மீன் தொட மாட்டாங்க, நல்லவேளை சனிக்கிழமைன்னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க.

இப்ப என் கோரிக்கை. பெருசா ஒண்ணும் இல்ல. 2028ல அடுத்த நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் வருது. அதுல ஃபிஜிக்கு வர்ற மூணு ஜூலை மேட்ச்ல ரெண்ட வேணும்னா எங்க வேணா வெச்சுக்கோங்க, காசு வரட்டும், யூனியன் நிமிரட்டும். ஒண்ணே ஒண்ணு சுவாவுலயோ லௌதோகாவுலயோ கட்டாயம் நடக்கணும்னு விதியாவே எழுதுங்க, யூனியன் கைல காசு இருக்கா இல்லையான்னு பாத்து மாறாத மாதிரி. அந்த ஒரு மேட்ச்ச லிவர்பூல்ல வெச்சிருந்தா எவ்ளோ வந்திருக்கும், சுவாவுல எவ்ளோ வருதுன்னு பாத்து, நடுவுல விழுற துண்ட பன்னெண்டு டீமும் பங்கு போட்டு பொது நிதில இருந்து குடுங்க. இந்த போட்டிய டிவிக்கு விக்கும்போது ஃபிஜி ஆட்டத்தோட அழகையும் சேத்து தான விக்கிறீங்க, அதுக்கு உண்டான விலைன்னு வெச்சுக்கோங்க. நவம்பர் டூர்லயும் கேட் பணத்துல ஒரு பங்கு விருந்தாளி டீமுக்குன்னு ஆரம்பிங்க, ஃபிஜிக்கு மட்டும் இல்ல, கீழ் வரிசைல போட்டு வெச்சிருக்கீங்களே சமோவா, டோங்கா, ஜார்ஜியா, அவங்க பெரிய டீமோட ஊருக்கு ஆட போற அன்னிக்கும்.

இங்கிலாந்து, வேல்ஸ் யூனியன்காரங்க இத படிச்சா அவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. வாங்க. பயப்படாதீங்க, தோத்தாலும் உங்கள தூக்கி வெச்சு கொண்டாடுவாங்க. 2017ல மேட்ச் முடிஞ்சு ஸ்காட்லாந்து பசங்க தலைய தொங்க போட்டுட்டு நடந்தப்ப எங்க வரிசைல இருந்த மொத்த ஜனமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு, அந்த பெரியவர் என்கிட்ட சொன்னாரு, அவ்ளோ தூரத்துல இருந்து நம்மள பாக்க வந்திருக்காங்கல்லன்னு.

ஆயாவுக்கு இப்ப எண்பது ஆகப்போகுது. போன மாசம் வீடியோ கால்ல பேசினேன். இங்கிலாந்து வருதாமேன்னு கேட்டாங்க, யாரோ பாதி சொல்லியிருக்காங்க. ஆமா ஆயா ஆனா இங்க இல்லன்னேன். அவங்களுக்கு புரியல. ஹோம் மேட்ச்னு சொன்னாங்களேன்னு திரும்ப திரும்ப கேட்டாங்க. நான் பேச்ச மாத்திட்டேன். 2028க்கு அவங்களுக்கு சொல்ல ஒரு தேதி குடுங்க.

இப்படிக்கு,
சுவாவுல மூணு வருஷம் சோறு தின்ன ஒரு திருச்சிக்காரன்